மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய பூ வண்டி

செகண்ட்ஸில் பிக்கப் பார்க்கிறேன் என்று சொன்னால், காரைக்குடியில் டீக்கடையில் நிற்பவர் முதல் வங்கி மேலாளர் வரை எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு ஓடியிருக்கு?" என்பதுதான். என்ன ஏற்றி ஓடியது, எந்த ரோட்டில் ஓடியது, யார் ஓட்டியது என்று கேட்பவர் அரிது. காருக்கு அந்த முதல் கேள்வி ஓரளவு போதும். எந்தக் காரிலும் நாலைந்து பேர்தான் ஏறுகிறார்கள். சரக்கு வண்டியின் கதை வேறு. ஒரே ஆண்டில் ஒரே தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த இரண்டு பிக்கப்புகளில் ஒன்று மல்லிகைப்பூவும் மற்றொன்று கிராவலும் ஏற்றிப் பிழைத்திருந்தால், இன்றைக்கு அவை இரண்டையும் ஒரே மாடல் என்று சொல்வது பதிவுச் சான்றான ஆர்.சி. புத்தகத்துக்கு மட்டும்தான் பொருந்தும். மீட்டரில் தொண்ணூறாயிரம் காட்டிய வண்டியை ஒதுக்கிவிட்டு, மூன்று லட்சத்து நாற்பதாயிரத்தைத் தாண்டிய பொலேரோ பிக்கப்பை நாங்கள் வாங்கியது ஏன் என்று உறவிலும் தொழிலிலும் பலர் கேட்பதால், அதை விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

எங்களுடையது ஆத்தங்குடிக் கல் பட்டறை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் நிறக் கலவையை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்டும் போட்டுக் கையால் அமுக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கும் கல் அது, சூளையில் சுடுவதில்லை. முக்கால் அங்குலக் கனம் இருந்தால் சதுர அடிக்கு ஏறத்தாழ நாலு கிலோ வரும். ஒரு நடுத்தரக் கூடத்துக்கு முந்நூறு சதுர அடி என்று வைத்துக்கொண்டால் 1200 கிலோ. அதோடு கல்லுக்கு இடையில் திணிக்கும் வைக்கோலும், இறக்கிவைக்க ஓர் ஆளும் உண்டு. கற்களைக் குத்துவாக்கில் நிறுத்தி அடுக்கினால் வண்டித் தொட்டியின் தரையில் பாதிகூட நிறையாது. பார்ப்பவருக்கு வண்டி காலியாக இருப்பது போலத் தெரியும், பாரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைக்குத்தான் உண்மை தெரியும். இடம் இருக்கிறதே என்று இன்னும் நூறு சதுர அடியை ஏற்றச் சொல்லும் வாடிக்கையாளர்கள் எங்களுக்கு வாரந்தோறும் வாய்க்கிறார்கள்.

இந்தக் கணக்குதான் எந்த வண்டி என்பதை முடிவுசெய்தது. 2005இல் வந்த டாடா ஏஸ், ஊர் வாயில் குட்டி யானை, 702 சிசி இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சினோடு முக்கால் டன் இழுக்கும். எங்கள் சந்துகளுக்கு அதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது என்றாலும் ஒரு வீட்டுக் கல்லுக்கு இரண்டு நடை அடிக்க வேண்டும். 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றேகால் டன் வண்டி, மூன்று சிலிண்டர், 1478 சிசி. எங்கள் தேவைக்கு அது விளிம்பில் நிற்கிறது. பொலேரோ பிக்கப்பின் நாலு சிலிண்டர் 2523 சிசி எஞ்சினுக்கு உதிரிபாகமும் கை பழகிய மெக்கானிக்கும் தேவகோட்டையிலும் கிடைப்பார்கள், திருமயத்திலும் கிடைப்பார்கள் என்பதே எனக்குப் பெரிய காரணம். வண்டி எத்தனை கிலோ தாங்கும் என்பதைப் புரோக்கரிடம் கேட்க வேண்டியதே இல்லை. ஆர்.சி.யில் இருக்கும் மொத்த எடையிலிருந்து வெற்று எடையைக் கழித்தால் வருகிற எண்தான் சட்டப்படி ஏற்றக்கூடியது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதை மீறினால் அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது, கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் சேரும்.

புதிதாக எடுத்திருக்கலாமே என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வாகனங்களுக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்த பிறகும், புதிய வண்டியின் விலை எங்களைப் போன்ற சிறு பட்டறை மாதத் தவணை கட்டி மீளக்கூடியதாக இல்லை. வண்டி தினமும் ஓடினால்தான் தவணை ஓடும். எங்கள் வேலையோ மழைக்காலத்தில் படுத்துவிடுகிறது, கல் காய வெயில் வேண்டும். ஆனால் அந்த வரிக் குறைப்பு பழைய வண்டிக்கு விலை பேசும்போது நல்ல ஆயுதமாக இருந்தது. புது வண்டியே இறங்கிவிட்டபோது பழையதற்கு மட்டும் போன ஆண்டு விலையைச் சொன்னால் எப்படி என்று கேட்டபோது, எந்தப் புரோக்கரிடமும் சரியான பதில் வரவில்லை.

செட்டிநாட்டில் விலைக்கு வரும் பிக்கப்புகளை அவை ஏற்றிய சரக்கைக் கொண்டு வகை பிரித்துவிடலாம் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. புதுவயல் அரிசி ஆலைகளில் ஓடியவை உண்டு. மூட்டைக்கு எடை அச்சிட்டிருப்பதால் பாரம் கணக்காகவே ஏறியிருக்கும், ஓடிய தூரமும் குறைவு, ஆனால் அவற்றை விற்கவே மாட்டார்கள், விற்றாலும் உறவுக்குள் போய்விடும். பந்தல்காரர்களும் சமையல் ஒப்பந்தக்காரர்களும் வைத்திருந்தவை உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் மாதக்கணக்கில் நின்றே கிடந்ததால் பேட்டரியும் டயரும் போயிருக்கும், எஞ்சின் பெரும்பாலும் நன்றாக இருக்கும், அண்டா அண்டாவாகச் சாம்பார் சிந்திய தொட்டித் தரை மட்டும் சல்லடையாக இருக்கும். செம்புராங்கல்லும் கிராவலும் ஜல்லியும் ஏற்றியவை இன்னொரு வகை. மீட்டரில் கிலோமீட்டர் குறைவாகக் காட்டுவதால் இவைதான் விளம்பரத்தில் முதலில் வரும்.

தொண்ணூறாயிரம் காட்டிய வண்டி அந்த வகைதான். வெளியே பார்த்தால் குறை சொல்ல முடியாது; புது பெயின்ட், புது சீட் உறை, கண்ணாடியில் சாமி படம் உட்பட எல்லாம் பளிச்சென்று இருந்தன. எனக்காக வந்த மெக்கானிக் எஞ்சினைத் திறக்கவே இல்லை. "அண்ணே, மீட்டர விடுங்க, கீழ படுத்து பட்டையப் பாருங்க" என்று சொல்லிவிட்டு ஒரு சாக்கை விரித்தார். பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் கீழே இருந்த இரண்டு மற்றவற்றைவிடப் புதியவை, கனமும் அதிகம். கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்ததற்கு மேல் பட்டை ஏற்றியிருக்கிறார்கள். பட்டையை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட்டின் மரை இயல்புக்கு மாறாக நட்டுக்குக் கீழே சற்றும் நீண்டிருக்கவில்லை, அந்த அளவுக்கு நடுவில் பட்டை பெருத்திருந்தது. அச்சு மேலெழுந்து சேசிஸில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை நசுங்கிப் பிளந்து, அது தொடும் இடத்தில் இரும்பு பாலிஷ் போட்டது போல மின்னியது. சேசிஸ் முழுக்க அடித்திருந்த கறுப்புப் பெயின்டுக்கு அடியில், பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் பின் ஷேக்கிளுக்கு அருகே விரலால் தடவினால் தட்டுப்படும் ஒரு வெல்டிங் மேடு இருந்தது. தொண்ணூறாயிரம் என்பது ஒருவேளை உண்மையாகவே இருக்கலாம்; அந்தத் தொண்ணூறாயிரமும் அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றிக்கொண்டு, குவாரியின் மண் பாதையில் முதல், இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு ஓடியவை என்றால் அதை நான் எந்த எண்ணோடு ஒப்பிடுவது?

மீட்டரை நம்பக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம், அதைத் திருத்துவது எளிது என்பது எல்லாருக்கும் தெரிந்த இரகசியம். டிஜிட்டல் மீட்டர் வந்த பிறகு அது இன்னும் சுத்தமான வேலையாகிவிட்டது. அதற்கு எதிர்ச்சாட்சிகள் வண்டியிலேயே இருக்கின்றன. கிளட்ச் பெடலின் ரப்பர் ஒரு பக்கம் மட்டும் வழவழத்திருப்பது, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறக்கும்போது அது அரை அங்குலம் தொங்குவது, ஸ்டியரிங் வளையத்தில் கை படும் இடத்தில் சொரசொரப்பு மறைந்திருப்பது ஆகியவற்றை எந்தக் கருவியாலும் பின்னோக்கித் திருப்ப முடியாது. டயரின் பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2318 என்றால் 2018இன் இருபத்து மூன்றாவது வாரத்தில் செய்த டயர். முப்பதாயிரம்தான் ஓடியது என்று காட்டும் ஏழு வயது வண்டியில் நாலு டயருமே புதியவையாக இருந்தால் பழைய டயர்கள் எங்கே போயின என்று கேட்க வேண்டும். இது தானமாக வந்த மாடு இல்லை, பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போன வண்டியாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் தேதியோடு கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். உரிமையாளரைக் கூட்டிக்கொண்டு போனால் அதை எடுத்துத் தருவார்கள்.

தொண்டியிலிருந்தும் ராமேசுவரத்திலிருந்தும் மீன் ஏற்றிய வண்டிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பாரம் அளவாகத்தான் இருந்திருக்கும், எஞ்சினும் ரோட்டில் சீராக ஓடியிருக்கும். ஆனால் ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் தொட்டித் தரையின் இணைப்புகளில் இறங்கி, சேசிஸ் குழிகளில் தேங்கி, இரும்பை உள்ளிருந்தே தின்றிருக்கும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் அரிப்பு வேகமாக நடக்கிறது. அரிப்பை ஆராய்வதையே முக்கியப் பணிகளில் ஒன்றாகக் கொண்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில் இதே காரைக்குடியில்தான் 1953 முதல் இயங்குகிறது. இருந்தும் இங்கே பாதிப் பேர் துருவின் மேல் பட்டி பூசிப் பெயின்ட் அடித்தால் துரு போய்விட்டது என்று நம்புகிறார்கள் என்பது எனக்குத் தீராத ஆச்சரியம். மெக்கானிக்கின் சோதனை எளியது. சிறு சுத்தியலால் சேசிஸை முனை முதல் முனை வரை தட்டிக்கொண்டே போவார். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் விரிசல் விட்ட மண்சட்டி போல மந்தமாகக் கேட்கும்.

நாங்கள் வாங்கியது மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தைக்கும் காரைக்குடிக்கும் இடையே ஓடிய வண்டி. 2018 மாடல், முதல் உரிமையாளர், ஆரம்பம் முதல் ஒரே ஓட்டுநர். பின்னிரவில் காலியாகப் போய், விடிவதற்குள் பூ மூட்டைகளோடு திரும்புவது அதன் வேலை. போகவர 180 கிலோமீட்டர் அளவில் வரும். ஆண்டுக்கு ஐம்பதாயிரத்தை ஒட்டி ஓடியிருக்க வேண்டும், மீட்டரும் அதையே சொன்னது. தொட்டி நிறையப் பூ இருந்தாலும் எடை சில நூறு கிலோவைத் தாண்டுவது அரிது. நாலாவது, ஐந்தாவது கியரில் எஞ்சின் ஒரே சூட்டில், ஒரே வேகத்தில் மணிக்கணக்கில் ஓடுவதும், காலையில் ஸ்டார்ட் செய்து இரண்டு தெரு போய் நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் செய்வதும் ஒன்றாகாது. எஞ்சினுக்குத் தேய்மானம் அதிகம் குளிர்ந்த நிலையில் தொடங்கும்போதுதான். மறுபக்கமும் உண்டு. விடிந்தால் பூவுக்கு விலை இல்லை என்பதால் பூ வண்டியை மெதுவாக ஓட்டுவதில்லை. ஆகவே பிரேக், சக்கரப் பேரிங், டர்போ மூன்றும் தேய்ந்திருக்கும் என்று எதிர்பார்த்தே போனோம்.

முந்தின நாளே தொலைபேசியில், "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேணாம், அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். போனதும் மெக்கானிக் பானட்டைத் திறந்து எஞ்சின் மேல் கையை வைத்துப் பார்த்தார், சில்லென்று இருந்தது. விற்க வருகிறவர் எஞ்சினை முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், காலையில் அது படுத்தும் பாட்டை மறைக்கிறார் என்று பொருள். சாவியைத் திருப்பியதும் கறுப்பாக ஒரு மூச்சு வந்து அடங்கிவிட்டது. நீலப் புகை வந்திருந்தால் ஆயில் எரிகிறது, சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் பெரும்பாலும் ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டருக்குள் போகிறது. பிறகு ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே துளையின் மேல் தலைகீழாக வைத்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த மூடி கிடந்த இடத்திலேயே லேசாக நடுங்கினால் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரின் உட்சுவரான போரும் ஓரளவு தாக்குப்பிடிக்கின்றன; துள்ளிக் கீழே விழுந்தால் எரியறையின் அழுத்தம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிறது, பட்டறை மொழியில் பேக் கம்ப்ரஷன், அதாவது எஞ்சின் பிரிக்கும் காலம் வந்துவிட்டது. மூடி நடுங்கியது, ஒரு பக்கமாக ஒரு விரற்கடை நகர்ந்தது, விழவில்லை. மெக்கானிக் உதட்டைப் பிதுக்கி, "இன்னும் ரெண்டு வருசம் வரும், மூணாவது வருசம் கேக்காதீங்க" என்றார். விலை பேசுவதற்கு எனக்குக் கிடைத்த மிகத் துல்லியமான தகவல் அதுதான்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது கூலன்ட் நிறமே இல்லை. வெறும் தண்ணீர், ஓரங்களில் சுண்ணாம்பு படிந்திருந்தது. எங்கள் பக்கத்து போர்த் தண்ணீரை ஊற்றினால் வேறென்ன நடக்கும்! டர்போவின் காற்றுக் குழாயைக் கழற்றி உள்ளே இருக்கும் தண்டை விரலால் ஆட்டியதில் சிறிது ஆட்டம் இருந்தது, இறக்கை சுவரில் உரசவில்லை. குன்றக்குடிப் பக்கம் ஓட்டிப் பார்த்தபோது, பின் அச்சின் பல்சக்கரமான கிரவுனிலிருந்து ஊளைச் சத்தம் ஏதும் வரவில்லை. மூன்றாவது கியரில் காலை எடுத்தபோது கியர் தானாக நழுவவில்லை. ஆனால் கிளம்பும்போது அடியில் "டக்" என்று ஓர் அடி கேட்டது. சுழற்சியைப் பின் அச்சுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் மூட்டான கிராஸ் தேய்ந்துபோயிருக்கிறது, மலிவான வேலை. மேட்டில் நிறுத்தி எடுத்ததில் கிளட்ச் வழுக்கியது. பட்டைகளைப் பொறுத்தவரை, கம்பெனி போட்ட பட்டை அப்படியே இருந்தது. ரப்பர் கட்டையில் கம்பெனி அச்சிட்ட எண்ணைக்கூடப் படிக்க முடிந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு முடிவு செய்ய வேறெதுவும் தேவைப்படவில்லை.

புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ் 6 வண்டியாகப் பார்க்கலாமே என்று சொன்னவர்கள் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி பரவலாக வந்துவிட்டது; அது தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள வண்டி நெடுஞ்சாலையில் சிறிது நேரம் சீராக ஓட வேண்டும். பள்ளத்தூருக்கும் கானாடுகாத்தானுக்கும் கல் இறக்கப் போகும் வண்டிக்கு அந்த வாய்ப்பு குறைவு, அடைத்துக்கொண்டால் செலவு பெரிது. பிஎஸ் 4 எனக்குப் போதும்.

காகிதங்களில் சுருக்கமாகச் சொல்லக்கூடியது சில, விரிவாகச் சொல்ல வேண்டியது ஒன்று. அரசின் வாகன் இணையதளத்தில் பதிவெண்ணைப் போட்டால் எத்தனையாவது உரிமையாளர், தகுதிச் சான்றான எஃப்.சி. எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, கடன் யார் பெயரில் என்பதெல்லாம் தெரிந்துவிடும். கடன் முடிந்திருந்தால் ஃபைனான்ஸிலிருந்து தடையில்லாச் சான்றும், ஆர்.சி.யில் இருக்கும் கடன் பதிவான எச்.பி.யை நீக்குவதற்கான படிவம் 35ம் வேண்டும், "எச்.பி. அடுத்த வாரம் கேன்சல் ஆயிரும்" என்ற பேச்சுக்கு முன்பணம் கொடுக்கக் கூடாது. மொத்த எடை 3000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி பெர்மிட் தேவையில்லை. கார் உரிமம் வைத்திருப்பவர் 7500 கிலோவுக்குட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதிசெய்துவிட்டதால், தம்பியும் நானும் மாறி மாறி ஓட்டிக்கொள்கிறோம். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும், 2022இல் நிர்ணயித்த கட்டணப்படி, இந்த வகைக்கு ஆண்டுக்கு 16,049 ரூபாய், வரி தனி. வண்டி ஓடினாலும் நின்றாலும் இது நிற்காது.

விரிவாகச் சொல்ல வேண்டியது ஓபன் டிரான்ஸ்ஃபர் பற்றி. பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஆகிய படிவங்களில் உரிமையாளரின் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, பெயரை நிரப்பாமல் வண்டி கைமாறிக் கைமாறிப் போவது நம்மூரில் சர்வசாதாரணம். புரோக்கருக்கு அதில் லாபம், ஆர்.சி.யில் இன்னோர் உரிமையாளர் ஏறாததால் வண்டி எப்போதும் "சிங்கிள் ஓனர்". பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே விற்றவருக்குத்தான் முதல் ஆபத்து. வாங்கியவருக்கும் நிம்மதி கிடையாது, விற்றவர் இறந்துபோனாலோ மனம் மாறினாலோ வாரிசுகளைத் தேடி அலைய வேண்டும். மாநிலத்துக்குள் நடக்கும் விற்பனையை விற்றவர் பதினான்கு நாளிலும் வாங்கியவர் முப்பது நாளிலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பூக்காரர் இதில் என்னைவிடக் கறாராக இருந்தார். "பேரு மாறாம சாவியத் தரமாட்டேன் தம்பி, ரோட்டுல எவன் எதுல மோதுனாலும் சம்மன் எனக்குத்தான் வரும்" என்றவர், என்னோடு அலுவலகத்துக்கு வந்து, வேலை முடிந்த பிறகே சாவியைக் கொடுத்தார். அப்படிப்பட்டவர் வண்டியை எப்படி வைத்திருப்பார் என்பதற்கு அதுவும் ஒரு சான்றுதான்.

விலையைக் குறைக்க மெக்கானிக்கின் பட்டியலே போதுமானதாக இருந்தது: கிளட்ச் செட், கிராஸ், முன் சக்கரப் பேரிங்குகள், பிரேக் லைனிங், ரேடியேட்டர் கழுவிக் கூலன்ட் ஊற்றுவது, மூன்றாவது ஆண்டில் வரப்போகும் எஞ்சின் வேலைக்கு ஒரு பங்கு. இன்னொரு வாதமும் கையில் இருந்தது. சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. காட்டினால் போதும், அதன் பிறகு ஆண்டுதோறும் காட்ட வேண்டும். இந்த வண்டிக்கு 2026இல் எட்டு முடிகிறது. ஒவ்வொரு எஃப்.சி.க்கும் பெயின்ட், ஒளிரும் ஸ்டிக்கர், விளக்கு, வேலை நின்றுபோகும் நாட்கள் என்று ஒரு செலவு இருப்பதால், எட்டு வயதை நெருங்கும் வண்டிக்கு விலை சட்டென்று இறங்கும். விற்பவர்கள் அதற்குச் சற்று முன்பாகவே தள்ளிவிடப் பார்ப்பது இதனால்தான். பூக்காரர் பேரிங்குக்கும் கிளட்ச்சுக்கும் இறங்கிவந்தார், எஞ்சினுக்கு இறங்கவில்லை. "ஓடுற எஞ்சினுக்கு ஏன் இப்பவே காரியம் பண்றீங்க" என்று கேட்டார். நியாயமான கேள்விதான் என்று அதை விட்டுவிட்டேன்.

வேலைகளையெல்லாம் முடித்து எடுத்தபின், காலி வண்டி மேடுபள்ளத்தில் தூக்கித்தான் போடுகிறது. பாரம் ஏறியதும் படிந்துவிடுகிறது. முந்நூறு சதுர அடிக்கு மேல் ஏற்றுவதில்லை என்று தொட்டியின் உட்பக்கத்தில் தம்பி பெயின்டால் எழுதியே வைத்துவிட்டான், கேட்கும் வாடிக்கையாளருக்கு விரலால் காட்டுவதற்கு. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றும்போது அந்த மூடியைத் தலைகீழாக வைத்துப் பார்க்கிறோம், இதுவரை விழவில்லை. எஃப்.சி.க்குமுன் தொட்டித் தரையில் ஒரு தகடு மாற்ற வேண்டியிருக்கிறது, அதற்கு லேத்துக்காரரிடம் சொல்லியிருக்கிறோம்.